ஷரீபா போர்த்திய பெட்டி

லப்பைக்குடிக்காட்டில் ஷரீபாவை ஏமாற்றிய பால்காரன் இன்னும் பிறக்கவில்லை. பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் பாத்திரத்தை நீட்டமாட்டாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, சிலிண்டரை ஆட்டிப் பார்த்த பிறகுதான் போகவிடுவாள். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான வருஷமே கணவர் அப்துல் நாசர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவு, பெட்டி பிரித்துக் கறி தின்று முடிப்பதற்குள் மறுபடியும் பயணம். வீட்டுக்கும் மகளுக்கும் தன் பேருக்கும் அவள் ஒருத்திதான் காவல். சந்தேகப்படாமல் எப்படிக் காலம் தள்ளுவது?

கல்யாண ஆல்பத்தைக்கூட பீரோவின் உள்லாக்கரில் பூட்டித்தான் வைத்திருந்தாள். பெண்கள் வந்தால் எடுத்துக் காட்டுவாள். ஓர் ஆம்பளைக் குரல் கேட்டுவிட்டால் ஆல்பம் உள்ளே போய்விடும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

2007 ஆரம்பத்தில் லீவில் வந்த நாசர், பிஸ்தா, தைலம், சோப்புகளோடு செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா மகன் காமில் அதைப் பொருத்திக் கொடுத்தான். ஹாலில் போனுக்குப் பக்கத்தில் மோடம், மோடத்திலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் அந்தப் பெட்டி.

“இது என்ன காமிலு, டிவி மாதிரியா?” என்று கேட்டாள்.

“இல்ல மாமி. வூட்டுப் போட்டோ, வீடியோ எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கும். கம்ப்யூட்டர்ல எது போட்டாலும் தானா இதுல ஒரு காப்பி வந்துரும். மாமா ஷார்ஜாவுலேருந்தே தொறந்து பாத்துக்கலாம்.”

கடைசி வார்த்தையிலேயே ஷரீபாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கேயிருந்தே திறக்கலாம் என்றால், எதைத் திறப்பது? நாசர் ஆல்பத்தை லாக்கரிலிருந்து எடுத்து காமிலின் மனைவியிடம் கொடுத்து ஸ்கேன் செய்ய வைத்தபோது சந்தேகம் இன்னும் தடித்தது. கிளம்பும்போது மனுஷர் மகளைப் பற்றிச் சொன்னதைவிடப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். “அத மட்டும் அமத்திறாத புள்ள.”

அவர் போன பிறகு பெட்டியில் ஒரு நீல விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. மகள் ஃபைஸா காலேஜுக்குப் போயிருப்பாள், கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும், விளக்கு மட்டும் சிமிட்டும். ஷரீபா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஹாலைக் கடப்பாள். தன் வீட்டிலேயே இப்படி நடக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள் போனில் நாசர் கேட்டார்: “ஒன் தங்கச்சி வூட்டு விசேஷத்துல பச்சைக்கல்லு அட்டியல் போட்டிருந்தியே, அது யாரோடது?”

ஷரீபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட்டியல் இரவல். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஃபைஸா கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள், அவை தாமாகப் பெட்டிக்குப் போயின என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? பெட்டிக்குக் கண் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். கட்டிய புருஷன் வேவு பார்க்கிறாரே என்று அன்று சோறு இறங்கவில்லை. அவர் பார்த்தால்கூடப் போகட்டும். ஷார்ஜாவில் அவர் தங்கியிருப்பது எட்டு ஆம்பளைகள் படுக்கிற ரூம். அவர் திறக்கும்போது மற்ற ஏழு பேர் கண்ணை மூடிக்கொள்வார்களா?

வேற்று ஆம்பளை கண்ணுக்கு எதிரே ஒரு பொம்பளை என்ன செய்வாளோ அதையே செய்தாள். வெளியே போகும்போது போர்த்துகிற துப்பட்டியை எடுத்து இரண்டாக மடித்தாள். இந்தத் தடவை தன்மேல் போர்த்தவில்லை, பெட்டியின் மேல் போர்த்திச் சுற்றிலும் இறுக்கிச் செருகினாள். பங்குனி வெயில் தெருவில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வந்தது. “பொட்டி ஏன் தொறக்க மாட்டேங்குது?” சாயங்காலம் மறுபடி. சனிக்கிழமை மறுபடி. முட்டிவலி என்று அவள் படுத்துக் கிடந்தபோது ஒருதரம் விசாரித்த மனுஷர், ஒரு பெட்டிக்கு இத்தனை தரம் கூப்பிடுகிறார். அப்படி என்ன அதில்?

காமில் வந்து துப்பட்டியை உருவினான். பெட்டியைத் தொட்டவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். “என்ன மாமி, அடுப்புல வச்ச மாதிரி இருக்கு. மூச்சு முட்டி நின்னுருக்கு. நல்லவேளை, பொழச்சுக்கும்.”

“அதுக்குள்ள ஒங்க மாமா என்னத்ததான் பாக்குறாரு?”

“தெரியலையே. ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பாஸ்வேர்ட் போட்டு வச்சிருக்காரு. எங்கிட்டயே சொல்லல.”

அது போதும் ஷரீபாவுக்கு. காமில் படி இறங்கியதும் அவளே ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

“பூட்டி வச்சிருக்கிறது யாரோட போட்டோ? அல்லா மேல ஆணையா சொல்லுங்க.”

“ஒன்னோடதுதான்,” என்றார் நாசர்.

“என் போட்டோவுக்கு எதுக்குப் பூட்டு? கையில கொண்டுபோனா ஆகாதா?”

“மொத தடவ இங்க வந்தப்ப ஒண்ணு கொண்டாந்தேன் புள்ள. தலவாணிக்கடியில வச்சிருந்தேன். ரூம்ல ஒருத்தன் எடுத்துப் பாத்துட்டான். அன்னைக்கே கிழிச்சுப் போட்டேன். அதுக்கப்பறம் ஒம் மொகத்த ஊருக்கு வந்தாத்தான் பாத்தேன். அதான் இந்தப் பொட்டி. போட்டோ நம்ம வூட்லயே இருக்கும், நான் மட்டும் எட்டிப் பாத்துக்குவேன்.”

இத்தனை வருஷமாக இந்த மனுஷரும் தன்னைப்போலவே அங்கே ஒருத்தனையும் நம்பாமல் காவல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனாலும் அவள் ஷரீபா அல்லவா.

“ரூம்லயா வச்சுப் பாக்குறீங்க?”

“ரூம்லயா? பிரவுசிங் சென்டர்ல. வெள்ளிக்கிழம லீவுல.”

“அங்க ஆளுங்க இருக்க மாட்டாங்களா?”

“தனித்தனியா தடுத்திருப்பான். கதவு இருக்கு.”

“தாப்பா?”

“தாப்பா இல்ல. ஒம் படம் வந்து முடியிற வரைக்கும் கதவ கால வச்சு அமுக்கிப் புடிச்சுக்குவேன்.”