நான் கிடந்த பட்டினி

என் மகள் சோற்றை வெறுத்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. செங்கல்பட்டில் நாங்கள் அரிசியை ரேஷனில் அளந்து வாங்கிய காலம். ஊரே அரிசிக்கு வரிசையில் நிற்க, என் வீட்டில் ஒருத்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குமுன் அவள் சற்றுப் பூசினாற்போல் இருப்பாள். "ரேஷன் கடையையே துன்னுடுவா இவ" என்று நான்தான் கேலி செய்வேன். எனக்கு வாய் நீளம்.

முதலில் திட்டினேன். பிறகு வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வந்தேன். எதற்கும் மசியவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். கடைசியில், "நீ துன்னாதான் நானும் துன்னுவேன். இல்லாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேருவோம்" என்று எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன். புருஷனோடு சண்டை என்றாலும் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்வது இதுதான். எனக்குத் தெரிந்து அது தோற்றதில்லை.

இரண்டாம் நாள் அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றையும் தின்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நானும் தின்றேன். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே மயங்கிக் கிடந்தாள்.

ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளைப் படுக்கையில் சேர்த்ததும் அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க எப்பம்மா சாப்பிட்டீங்க?" என்றார்.

"பொண்ணு இப்படிக் கெடக்க சொல்ல எனக்கு இன்னா சோறு?" என்றேன்.

"அவ பாரத்தையே அவளால தூக்க முடியல. உங்க பட்டினியையும் அவ தலையில ஏத்துறீங்களே. அவ எதிர்ல வயிறாரச் சாப்பிடுங்க. அவ தட்டைப் பாக்காதீங்க. எவ்வளவு சாப்பிட்டான்னு பாக்கறது எங்க வேலை. பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசறது உங்க வேலை."

பெற்றவளுக்கே புத்தி சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்று மாலை ரகசியமாய் அவரிடம் என் கேலியைச் சொல்லி, அதனால்தானா என்று கேட்டேன். இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றார். நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு, கடற்காற்று நல்லது என்று மாமல்லபுரத்தில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்கு எங்களை ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ஒரு நாள் மாலை புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு அவளும் நானும் மணலில் உட்கார்ந்தோம். அவள் முழங்கை எலும்பு என்மேல் இடித்தது. டாக்டரம்மா சொன்னபடி பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் பிரித்துவைத்து, கடலைப் பார்த்துக்கொண்டு நான் தின்ன ஆரம்பித்தேன். பிள்ளை எலும்பாய் உட்கார்ந்திருக்க, பெற்றவள் தின்பதைப்போல் ஒரு பாவம் உண்டா? ஒவ்வொரு வாயையும் அழுதுகொண்டே விழுங்கினேன்.

"அழுவாதம்மா," என்றாள். "நீ பட்டினி கெடந்தப்போ, உன்ன நான்தான் சாவடிக்கிறேன்னு நெனச்சினு இருந்தேன். நீ துன்னு. நீ துன்றத பாத்தா எனக்கு நல்லா கீது."

சற்றுப் பொறுத்துப் பொட்டலத்து இலை சலசலத்தது. நான் திரும்பவில்லை. எத்தனை வாய் எடுத்தாளோ, தெரியாது. அலையைப் பார்த்தபடியே பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேற வருஷங்கள் ஆயின. நடுவில் இரண்டு முறை மறுபடியும் ஆஸ்பத்திரி. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். லீவுக்கு வந்தால் எல்லோருக்கும் நான்தான் பரிமாறுவேன். அவள் இலையில் சோற்றை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பார்த்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயம். பிள்ளை தின்பதைப் பார்த்தே வயிறு நிறைந்தது என்று மற்ற அம்மாக்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பசி அப்படியேதான் இருக்கிறது.