அணைய மறுத்த லேப்டாப்

வைத்திக்குப்பத்து வினோதாவுக்கு வாய்த்த லேப்டாப் ஓர் அடங்காப்பிடாரி. ஷட் டவுன் கொடுத்தால் திரை மட்டும் கறுத்துப்போகும். விளக்கு எரியும், ஃபேன் இரையும், அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். பொத்தானை விடாமல் அழுத்திக் கழுத்தை நெரித்தால்தான் உயிரை விடும்.

கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் வினோதா. நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போகும். ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தது. லேப்டாப் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். பழையது ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினாள். அங்கேயும் அது அணையவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணி எடுத்துட்டு வாங்க. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவோம்" என்றார் மேனேஜர் நிர்மலாதேவி, சிரித்துக்கொண்டே. வினோதாவுக்கு அந்தச் சிரிப்பே மிரட்டலாகப் பட்டது. ஜவுளிக்கடை வேலையை வேறு அவசரப்பட்டு விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் வழி தெரியவில்லை. இணையத்தில் யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்து பார்த்து ஓய்ந்துபோனாள்.

"இப்பிடியே கொதிச்சா இது செத்துடும்மா. இது செத்தா நானும் செத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெரிய மார்க்கெட்டுக்கு மீன் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா சின்னப்பாப்பா, பெட்டியில் ஐஸைக் கொட்டியபடி மகளையே பார்த்தாள்.

கடைசியில் அந்த வரி கண்ணில் பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய அன்று லேப்டாப் பாதியில் நின்றுபோக, எவனோ சொன்னானென்று அதன் கெர்னல் அமைப்பில் அவளே சேர்த்த 'ஏசிபிஐ ஆஃப்'. மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாட்டையே அது முடக்கிப்போட்டிருந்தது. வரியை அழித்துச் சேமித்து, ஷட் டவுன் கொடுத்தாள். அடுத்த முறை திறக்கும்போதுதான் புது அமைப்பு வேலை செய்யும். இந்த ஒரு தடவை கழுத்தை நெரித்தாக வேண்டும். ஆனால் உடனே நெரித்தால் சேமித்தது பதியாமல் போய்விடுமோ என்று பயம். குளித்துவிட்டு வந்து அணைத்துவிடலாம் என்று போனாள்.

திரும்பி வந்தபோது மேசையில் லேப்டாப் இல்லை.

"அனலா கொதிச்சிச்சு. வெடிச்சிடும்போல இருந்துச்சு. அதான் ஐஸ்ல வெச்சேன்" என்றாள் சின்னப்பாப்பா. "இப்ப அடங்கிடுச்சு பாரு."

மீன் பெட்டியில், நொறுக்கிய ஐஸுக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தது லேப்டாப். தூக்கினால் கீபோர்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். விளக்கு இல்லை, சத்தம் இல்லை.

"இன்னாம்மா பண்ணிட்டே..."

மேலே கத்த வாயெடுத்தவள் சுவரோரம் பார்த்தாள். அன்றைக்கு விற்க வேண்டிய வஞ்சிரமும் சங்கராவும் சாக்கின்மேல் ஈ மொய்த்துக் கிடந்தன. மீனுக்கு ஒரு சில்லுகூட வைக்காமல், இருந்த ஐஸ் அத்தனையையும் அம்மா லேப்டாப்புக்கே கொடுத்திருந்தாள்.

வினோதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மீன எடுத்துப் பெட்டில போடும்மா" என்றாள். "அதாச்சும் மிஞ்சட்டும்."