அய்யா முதலில் சொன்ன பெயர்

கேழ்வரகுக் கூழ் கரண்டியிலிருந்து 'தொப்'பென்று விழுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூழ் ஒழுகினால் ஆகாது, தண்ணியாகக் கொடுப்பது மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொல்லியிருந்தார். எங்கள் அய்யாவுக்கு வாதம் அடித்து வலது பக்கமும் பேச்சும் போயிருந்த வருஷம் அது. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆத்தா மிளகாய்க் காட்டு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்பதால், ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி அய்யாவுக்குக் காவல் வைத்தார்கள்.

காவல் என்றால் சும்மா இல்லை. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, ஒரு வாய் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அது முடிந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பா', 'மா' சொல்லிக் கொடுப்பேன். ஊரில் வேறு எவருக்கும் அந்த வேலை தெரியாது என்ற பெருமை எனக்கு நிறைய. பேச்சு வந்ததும் 'ராக்கு' என்று என்னைத்தான் முதலில் கூப்பிடுவார் என்று நாலு மாசம் காத்திருந்தேன்.

ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தபடி அவர், "பஞ்சு" என்றார்.

பஞ்சவர்ணம் என் அக்கா. சாயல்குடியில் வாழ்க்கைப்பட்டவள், அந்த நாலு மாசத்தில் இரண்டே தடவை எட்டிப் பார்த்தவள். ஆத்தா அழுதுகொண்டே அவளுக்கு ஆள் விட்டாள். உதடு ஒட்டிப் பிறக்கிற சத்தம்தான் முதலில் வரும் என்று ஆஸ்பத்திரி அம்மா பிறகு விளக்கினார். நான் நம்பவில்லை, இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை.

மறுநாளே அக்கா செம்பு நிறையப் பதநீரோடு வந்து இறங்கினாள்.

"எங்கய்யா என்னயத்தான தேடிருக்காக. நீ இம்புட்டு நாளா என்னத்தடி சொல்லிக் குடுத்த?" என்று சிரித்தாள்.

அவள் டம்ளரில் ஊற்றி அய்யாவை அண்ணாக்க வைத்து வாயில் சாய்த்தபோது நான் கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன். கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கொடுக்கட்டும் என்று நின்றேன்.

புரையேறி, முகம் கறுத்து, கண் சொருகிவிட்டது. அப்புறம்தான் அவளைத் தள்ளிவிட்டு, அய்யாவை முன்னால் குனிய வைத்து முதுகில் தட்டினேன். மூச்சு திரும்பியது. சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது.

"நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன?" என்றாள் அக்கா.

"கவனிக்கலக்கா," என்றேன்.

நெஞ்சுச்சளியோடு பத்து நாள் கிடந்து எழுந்தபோது அய்யாவிடம் அந்த ஒரு வார்த்தையும் இல்லை. மறுபடியும் 'பா'விலிருந்து தொடங்கினேன். என் பெயரைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு "பஞ்சு, பஞ்சு" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ஒன்றரை மாசம் கழித்து அது வந்தது. என் பெயரும் வந்தது, கூழுக்கும் மாட்டுக்கும் பிறகு.

இப்போது இராமநாதபுரத்திலேயே அந்தப் பயிற்சி கிடைக்கிறதாம், சின்னப் பிள்ளையைக் காவல் வைக்க வேண்டியதில்லை. அய்யாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை. அக்கா மட்டும் பேரப்பிள்ளைகளிடம், "எங்கய்யாவுக்குப் பேச்சு வந்ததும் என்னயத்தான் கூப்பிட்டாக" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை, அன்றைக்கு ஏன் சும்மா நின்றேன் என்று சொன்னதுமில்லை. ஆனாலும் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.