சௌந்தரநாயகி அவிழ்த்த சங்கிலி

சௌந்தரநாயகி என் நாத்தனாரின் கடைசி மகள். அவளுடைய சித்தப்பா ஒருவர், என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை, புத்தி கலங்கிப் பின்கட்டு அறையில் பூட்டப்பட்டுக் கிடந்தார். சோற்றுத் தட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வருவது சின்னப் பிள்ளையாயிருந்த இவள் வேலை. உள்ளேயிருந்து அவர், "நீ சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்பார். பயத்தில் இவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவர் அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் தஞ்சாவூரில் சமூகப்பணி படித்தாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவளைக் கேட்டால் இல்லை என்பாள்.

மனம் கலங்கியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று ஊர் ஊராக அலைகிறாள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் என் வீட்டில்தான் தங்குவாள். கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் 'பைத்தியக்கார மேடம்'. அவள் காதுபடவே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே போவாள்.

கீழத்தெருத் தங்கையனுக்கு அவன் அப்பன் காலத்திலிருந்தே வாய்க்கால் வேலை. ஆற்றில் புதுத் தண்ணீர் திறந்துவிட்டால் அதற்கு முன்னே நடக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் வாய்க்காலுக்குள் இறங்கி, செடியையும் குப்பையையும் இழுத்துப் போட்டுக்கொண்டே போவான். தண்ணீர் அவன் குதிகாலைத் தொட்டுக்கொண்டு வரும். வாய்க்கால் முடிகிற இடத்துக் கடைமடை வயல்காரர், "தண்ணி கண்டாச்சு, ஏறி வா" என்று சொன்னால்தான் கரையேறுவான். அதற்கு முன்பு ஏறினால் வேலை பாதியில் நின்றதாகக் கணக்கு.

பெண்டாட்டி செத்த பிறகு அவன் காதில் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அண்ணன் செல்லத்துரை மாட்டுச் சங்கிலியை எடுத்துக் கொட்டகைத் தூணோடு கட்டிப்போட்டான். காவலுக்குத் தங்கையன் மகள் தர்ஷினி. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பிள்ளை வீட்டோடு நின்றுபோனது.

சௌந்தரநாயகி வந்து சங்கிலியை அவிழ்க்க வைத்தாள். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி மாத்திரையில் அவன் கொஞ்சம் தெளிந்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போனது. "ஒண்ணு ஆச்சுன்னா உங்களைத்தான் கேப்போம்" என்று ஊரார் அன்றைக்கே அவளிடம் சொல்லிவைத்தார்கள்.

இந்த வருஷம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற அன்று காலையில் தங்கையனைக் காணவில்லை.

செல்லத்துரை சங்கிலியோடு என் வாசலில் வந்து நின்றான். "மேடம், கட்டாதே கட்டாதேன்னீங்களே, இப்ப எங்க போய்த் தேடுறது? மாத்திரை அப்படியே கிடக்கு!"

சௌந்தரநாயகி தட்டில் கையை உதறிவிட்டு எழுந்தாள். உதடு வெளுத்திருந்தது. வாய்க்கால் பக்கம் ஓடினாள்; நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகும். அதன் வாயில் வெங்காயத்தாமரைச் செடி அடைத்துக் கிடந்தது. தங்கையன் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்துவிட்டது. ரோட்டில் கூட்டம். ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"கத்தாதீங்க!" என்றாள் சௌந்தரநாயகி. "அண்ணே, அந்தச் சங்கிலியைக் கீழ போடுங்க!"

செல்லத்துரை போடவில்லை. கரையில் இறங்கினான். சங்கிலி கல்லில் உரசிய சத்தத்துக்குத் தங்கையன் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி குழாய்க்குள் ஊர்ந்து போய்விட்டான்.

வெளியே வரவில்லை. தண்ணீர் குழாயின் பாதிக்கு ஏறியது. மேல் மதகை அடைக்க ஒருவன் வண்டியில் பறந்தான். அது எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இதுக்குத்தான் கட்டிப் போடச் சொன்னது" என்றார் மனோகரன். கடைமடை வயல் அவருடையது.

அப்போதுதான் தர்ஷினி பள்ளிக்கூடப் பையோடு ஓடி வந்தாள். "அப்பா தானா வராது மேடம். கடமடைக்காரங்க கூப்பிட்டாத்தான் ஏறும்."

சௌந்தரநாயகி மனோகரனைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க கூப்பிடுங்க."

"நானா? அவனுக்கு நான் சொல்லி என்ன தெரியப்போவுது?"

"தெரியும்ணே. சீக்கிரம்!"

"அந்தச் சேத்துல எறங்கச் சொல்றியா?"

"ஆமா. அந்தப் பக்கம் எறங்கி, குழாய்க்குள்ள தலையை வுட்டுக் கூப்பிடுங்க. எங்க குரலுக்கு அவர் வர மாட்டார். உங்க கால்ல விழட்டுமா?"

நிஜமாகவே குனிந்துவிட்டாள். மனோகரன் பதறி, வேட்டியை மடித்துக்கொண்டு அந்தப் பக்கச் சேற்றில் இறங்கினார். குழாய் வாயில் குனிந்தார்.

"டேய்... தங்கையா!"

சத்தமில்லை. தர்ஷினி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

மனோகரன் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. "தங்கையா, தண்ணி கண்டாச்சுப்பா. ஏறி வா!"

முதலில் ஒரு கட்டு வெங்காயத்தாமரை வெளியே வந்தது. அதன் பின்னால் தங்கையனின் தலை. இருமினான். மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. தன் வயலுக்குப் போகும் தண்ணீரில் நின்றபடி மனோகரன் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டார்.

"பாஞ்சிடுச்சாய்யா?" என்று கேட்டான்.

"பாஞ்சிடுச்சு."

செல்லத்துரை சங்கிலியோடு நெருங்கினான். மனோகரன் சேற்றுக் கையாலேயே அவனை நிறுத்தினார். "கொண்டுபோய் மாட்டைக் கட்டு போ."

சௌந்தரநாயகி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். பக்கத்தில் போய் முதுகைத் தடவினேன்.

"அத்தை, அவர் வராம போயிருந்தா?"

"வந்துட்டாண்டி."

"அடுத்த வருஷமும் தண்ணி வருமே."

மறுநாள் காலையில் தர்ஷினி பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக வீட்டையே பார்த்துக்கொண்டு போனாள். சௌந்தரநாயகி மாத்திரையும் தண்ணீருமாகத் தங்கையனிடம் போனாள். வாங்கிக்கொண்ட அவன், "நீ சாப்பிட்டியா பாப்பா?" என்றான்.

அவள் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனாள். அப்புறம், "இன்னும் இல்லைங்க" என்று சொல்லி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.