சேர்ந்தே துடிக்க வேண்டும்

விஷாலினி வலக்கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இடக்கையால் மடிக்கணினியைத் தட்டுகிறாள். கருவாட்டுக் குழம்பு ஆறிக் கிடக்கிறது. எதிரே அவள் அம்மா புஷ்பா அக்காவும் தன் தட்டோடு காத்திருக்கிறார். மகள் ஒரு வாய் வைத்தால் இவரும் ஒரு வாய் வைப்பார். மகள் நிறுத்தினால் இவரும் நிறுத்திவிடுவார்.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் இவர்கள் எங்களுக்குப் பக்கத்து வீடு. விஷாலினிக்குக் கணினிச் சிப் வடிவமைக்கும் வேலை. ஒரு சிப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரத் துடிப்பு. அது ஒவ்வொரு பகுதியின் உள்ளேயும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. ஒரு பகுதி முந்திக்கொண்டால் போச்சு. அது அனுப்பும் புதுத் தகவல், பக்கத்துப் பகுதி பழையதை எடுப்பதற்குள் அதன் மேல் போய் விழும். பிந்துவதை விரட்ட முடியாதாம். முந்துவதைத்தான் நிறுத்திவைக்க வேண்டுமாம்.

வீட்டிலும் இதே கதைதான். உறவுக் கல்யாணத்துக்கு மூன்று கார் கிளம்பினால், "ரவாங்லருந்து வர்ற காரு இன்னும் எடுக்கல, நீங்க பெட்ரோல் ஸ்டேஷன்லயே நில்லுங்க" என்று போன் போடுவாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியைப் போல, மண்டோர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும்.

இன்று அவள் முகமே சரியில்லை. ஏணி இரவல் வாங்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சிப்பின் வரைபடம் மாலையில் தொழிற்சாலைக்குப் போகிறது. அதன் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பினாங்கில் ஒரு பகுதியைச் செய்யும் ஷர்வின், யாரிடமும் சொல்லாமல், தன் துடிப்புப் பாதையைக் காலையில் குறுக்கிவிட்டான்.

"ஃபாஸ்ட்டா இருந்தா நல்லதுதானே லா?" ஸ்பீக்கர் போனில் அவன் குரல் சிரித்தது.

"உனக்கு நல்லது. மத்தவங்க எல்லாம் உன் பழைய டைமிங் நம்பர வச்சுத்தானே செஞ்சிருக்காங்க. சிப்பு செத்துத்தான் வரும், ஷர்வின். பழசயே போடு."

அவன் சிரிப்பு நின்றது. பழையதையே போட்டான். சோதனை ஓடியது. விஷாலினியின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது, கூடவே தண்ணீர்க் குவளையும்.

திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் எல்லாம் பச்சை.

"சரியாயிருச்சுல்ல? சாப்பிடு," என்றார் புஷ்பா அக்கா, தானும் ஒரு கவளம் உருட்டியபடி.

"சரியாத்தான் இருக்கு." விஷாலினி அந்தப் பச்சையையே பார்த்தாள். "இன்னொரு தரம் ஓட விட்டுப் பாத்துர்றேன் ம்மா."

இடக்கை மீண்டும் தட்டியது. புஷ்பா அக்கா வாய்வரை கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.