அடுப்புக்குப் போன படச்சுருள்

என் கணவரின் தமக்கை எனக்கு மச்சாள். அவளுக்கு இந்த வயதில் வந்த புகழைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

அவளுடைய அப்பு, தகப்பனின் தகப்பன், மன்னாரிலிருந்து கப்பலேறி, அவுஸ்திரேலியாவின் பாலைவனத்துக்குள் ஒரு சுரங்க ஊரில் சமையல்காரராக இருந்தவர். அந்த ஊரில் பேச்சில்லாத சினிமாப் படம் ஒன்று எடுத்தார்களாம். அதில் அப்புவும் வருகிறாராம். படம் உலகத்தில் எங்கும் இல்லை, தொலைந்துவிட்டது. மிஞ்சியது மச்சாளிடமுள்ள ஒரு போட்டோ. கமெராக்காரருடன் அப்பு நிற்கிறார். தொப்பி நிழலில் முகம் தெரியாது. ஊருக்குத் திரும்பி, அவள் பிறக்கமுன்பே அவர் செத்துப்போனார்.

பழைய படங்களைத் தேடும் ஒரு வெள்ளைக்காரப் பெண் நோர்பரியில் இருக்கும் மச்சாளின் வீட்டுக்கு அவளைக் காண வரப்போகிறாள் என்று கோயிலில் பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வந்தது மச்சாளின் டெலிபோன் ஒன்று.

"நீர் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு வாரும். கதைக்கிறதை நான் பாக்கிறன்."

நான் இருக்கும் மோர்டனிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோனேன். மச்சாள் பட்டுச்சேலையில் இருந்தாள். தமிழில்தான் என்றாலும், படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

மச்சாளுக்கு முன்னால் கமெராவை வைத்துவிட்டு, அப்பு வேறு ஏதாவது கொண்டுவந்தாரா என்று அந்தப் பெண் கேட்டாள். மச்சாளின் மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"ஒண்டும் இல்லை," என்றாள் மச்சாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஏலவில்லை.

"ஒரு தகரப் பெட்டியிலை கறுப்புச் சுருள் இருந்தது. நான்தான் எரிச்சனான்."

நான் புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் காலடி வைத்த வருடம் மாரி மழை விடவில்லை. விறகெல்லாம் ஈரம். பரணில் கிடந்த சுருளில் தினம் ஒரு சாண் வெட்டிச் சிரட்டைக்குக் கீழே வைப்பேன். புஸ்ஸென்று பற்றும். "மருமகளின்ரை கை நெருப்புக் கை" என்று மாமி மெச்சினார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே மெச்சல். மச்சாள் அப்போது கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. நானே சொன்னேன்: "பிலிம். ஐ பேர்ன். கிச்சின்."

அந்தப் பெண் கையிலிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தாள். கமெரா என் பக்கம் திரும்பியது. நான் கழுத்துச் சங்கிலியை நேராக்கிக்கொண்டேன்.

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்றாள் மச்சாள்.

"ஆர் என்னட்டைக் கேட்டது?"

வெட்டமுன் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைச் சொன்னேன். சின்னச் சின்னப் படங்கள், எல்லாம் ஒரேமாதிரி. அகப்பையோடு ஒரு ஆள்.

மச்சாள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அப்புவின்ரை முகம் தெரிஞ்சதோ?"

"ஓம். வடிவாத் தெரிஞ்சது."

"ஆரைப்போல?"

அந்த நெற்றி, அந்த மேலுதடு, எல்லாம் எனக்கு முன்னால் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இருந்தது. அதையும் எடுத்து அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"உங்கடை தம்பியைப்போல," என்றேன்.