உடைசல் கவரில் இருந்த சோயா

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் வேண்டாம். ஒரு வாரம் முழுக்கப் பாக்கெட் பாக்கெட்டாக ‘சோயா உள்ளது’ என்று ஸ்டிக்கர் ஒட்டவைத்தவன் நான். அதே வாரம் சனிக்கிழமை, சோயா ஆகாத என் மனைவிக்கு என் கையாலேயே சோயாவைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். ஆதார் கார்டுகூட ஒன்றுதான்.

திருவொற்றியூரில் ஒரு முறுக்கு, மிக்சர் கம்பெனியில் வேலை செய்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகர ஷெட், எண்ணெய்ச் சட்டிகள், கவரை ஒட்டும் மிஷின் இரண்டு. நான் பேக்கிங் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஆறு பெண்கள். என்னைப் பார்த்து அவர்கள் பயந்ததே இல்லை. எதைச் சொன்னாலும் நான் ஜோக்காகத்தான் சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

மனைவிக்குச் சோயா ஆகாது என்று தெரிந்தது ஒரு காதுகுத்து விருந்தில். வெஜிடபிள் பிரியாணியில் மீல் மேக்கர் போட்டிருந்தார்கள். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவைத்தான் உருண்டையாக்கி மீல் மேக்கர் என்று விற்கிறார்கள். இலையை மடிப்பதற்குள் அவளுக்கு உதடு வீங்கிவிட்டது.

“இன்னாமே, லிப்ஸ்டிக் ஜாஸ்தியாயிடுச்சா?” என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “சோயா ஒண்ணும் கெட்ட பொருள் இல்லைம்மா. துவரை, உளுந்து மாதிரி அதுவும் ஒரு பயறு. சத்து அதிகம். ஊரே சாப்பிடுது. உங்க உடம்புக்கு மட்டும் ஒத்துக்கலை. அடுத்த தடவையும் உதட்டோட நிக்கும்னு சொல்ல முடியாது. தொண்டை அடைச்சா ஆபத்து. பாக்கெட்ல வர்ற எதையும் படிக்காம வாயில வெக்காதீங்க.”

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சோயா எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது அவளால்தான். பிரெட், பிஸ்கட், சூப் பவுடர், தள்ளுவண்டி ஃப்ரைட் ரைசில் ஊற்றும் கறுப்பு சாஸ். சாக்லேட்டில்கூட லெசித்தின் என்று வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். காலடிப்பேட்டையில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“இன்னாக்கா, படிச்சி முடிச்சிட்டியா? எப்போ பரிச்ச?”

“நீ இன்னும் சின்ன எழுத்துல போடச் சொல்லு நைனா, பூதக்கண்ணாடி வாங்கியாறேன்” என்பாள்.

எங்கள் கம்பெனி சரக்கில் அதுவரை சோயா கிடையாது. அதனால் வீட்டில் அதற்கு மட்டும் பரீட்சையும் கிடையாது.

ஒருநாள் முதலாளி சோயா மாவு மூட்டையோடு வந்து இறங்கினார். “இப்ப எல்லாரும் புரோட்டீன் புரோட்டீன்றான்பா. நம்மளும் புரோட்டீன் ரிப்பன் பக்கோடா போடுவோம்” என்றார். கடலை மாவில் பாதியைக் குறைத்துச் சோயா மாவைச் சேர்த்தோம். கவர் பழைய கவர்தான், ஏற்கெனவே அச்சடித்தது. சிலருக்கு ஆகாத பொருள் உள்ளே இருந்தால் வெளியே எழுதியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்ற புதுப் பட்டியலும் கீழே தடித்த எழுத்தில் ‘சோயா உள்ளது’ என்பதுமாக ஸ்டிக்கர் அடித்து வந்தது.

ஒட்டும் வேலையை நானே முன்னால் நின்று பார்த்தேன். கோணலாக ஒட்டினால் உரித்து மறுபடி ஒட்டவைத்தேன்.

“இதெல்லாம் எவண்ணே படிக்கப் போறான்?” என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள்.

“என் வூட்ல ஒருத்தி கீறா” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. முறுக்கோ ஓமப்பொடியோ ரிப்பனோ, உடைந்தது எல்லாம் ஒரே நீல டப்பில் விழும். சனிக்கிழமை வேலை முடியும்போது அதை அள்ளி, அச்சில்லாத வெறும் கவரில் போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். உடைசல் கவர் என்போம். விற்கிற சரக்கு இல்லை என்பதால் அதில் பெயர் இல்லை, தேதி இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. சோயா ரிப்பனும் சாதா ரிப்பனும் உடைந்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அந்த வாரமும் எல்லாம் அதே நீல டப்பில்தான் விழுந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்டிக்கர் கோணலாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என் பங்குக் கவரை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். டீ போட்டு எடுத்துவந்தாள். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாராவாரம் சாப்பிடுகிற உடைசல்தான், ஆனாலும் கை பழகிவிட்டது.

“இதுல சோயா கீதாய்யா?”

“எங்க மொதலாளி கடல மாவையே கண்ணுல ஒத்திக்கினு போடறவரு. சோயாவ வேற போட்ருவாரா?”

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டாள்.

ஷெட்டைவிட்டு வரும்போது தலையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்திருப்பேன்போல. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கேள்வி வந்தது, ஜோக் ரெடியாக இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

டீ ஆறுவதற்குள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். தடிப்புத் தடிப்பாக எழும்பியது. “தொண்ட ஒரு மாதிரி கீது” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. அப்போதுதான் எனக்கு ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது.

ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் ரோட்டில் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்றன. அழுதேன், சாமியைக் கூப்பிட்டேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் செய்யவில்லை. சிவப்பு கன்டெய்னர், நீல கன்டெய்னர், மறுபடி நீலம் என்று பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே ஒன்றுமே ஓடவில்லை.

“யோவ், அக்காவப் புடிய்யா! சாயறாங்க பாரு! லாரிய இன்னா வேடிக்க?” என்று டிரைவர் கத்தினார். பிடித்தேன். லாரிகளுக்கு நடுவே எப்படி நுழைந்தார் என்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“என்ன சாப்பிட்டாங்க?”

“உடைசல்ங்க.”

“அதுல என்னென்ன இருக்கு?”

கடலை மாவு, அரிசி மாவு, சோயா மாவு, எண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள், பெருங்காயம். ஸ்டிக்கரில் உள்ள வரிசை மாறாமல் ஒப்பித்தேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “அவங்களுக்கு சோயா அலர்ஜின்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“ரெண்டும் தெரியுமா?”

“தெரியும்ங்க.”

கட்டிலில் அவள் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மறுபடி வீங்கலாம் என்று ஒருநாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் காரியமாகச் சோயா உடைசலுக்கு ஒரு சிவப்பு டப் வாங்கிவைத்தேன். வெறும் கவரிலும் உள்ளே என்ன இருக்கிறதென்று மார்க்கர் பேனாவால் எழுதச் சொன்னேன். ஆறு பெண்களும் வாயைத் திறக்காமல் எழுதினார்கள். கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டிலும் சண்டை இல்லை. கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்பாள், லாரித் தண்ணி வரவில்லை என்பாள், எல்லாம் பேசுவாள். நான் வாங்கிவருவதை மட்டும் தொடமாட்டாள். வாழைப்பழம் வாங்கிவந்தேன். வாழைப்பழத்தில் சோயா கிடையாது என்று அவளுக்கும் தெரியும். சீப்பு அப்படியே தொங்கிக் கறுத்தது. கொய்யா வாங்கிவந்தேன், அது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போனது. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எனக்கு உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. வலித்தாலாவது வலிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளே போய் வாங்கிவந்த மீன். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“நான் குட்த்தா இனிமே ஒண்ணுமே துன்ன மாட்டியா?”

செதிலைத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“தண்ணி குடு, குடிக்கிறேன்.”